வாப்பாவின் மிஸ்வாக்கும் நவவி இமாம் சொன்ன காரணமும்

எங்க வாப்பாவுக்கு வயசு எழுபத்தி நாலு. வாயில இன்னும் இருபத்தாறு பல்லு இருக்கு, எல்லாம் சொந்தப் பல்லு. அதுல அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. யாராவது கேட்டால் போதும், சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் செருகியிருக்கும் மிஸ்வாக் குச்சியை எடுத்துக் காட்டிடுவார். "இதுதான் தம்பி, வேற ஒண்ணும் கெடயாது."

போன நோன்புக்குக் கொஞ்சம் முன்னாடி, பச்சத்தண்ணி குடிச்சாலே பல்லு கூசுதுன்னு சொல்ல ஆரம்பிச்சார். பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். சின்னப் பையன், முப்பது வயசு இருக்கலாம். லைட்டை அடிச்சுப் பார்த்துட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மேல் வரிசையில் கோரைப்பல் பக்கம் ஈறு நல்லா மேலே ஏறிப் போய் பல்லின் வேர்ப் பகுதி மஞ்சளாத் தெரியுது. வேர் மேல எனாமல் கிடையாது, அதான் கூச்சம். "எதை வச்சு விளக்குறீங்க பாய்?" என்றார். வாப்பா வழக்கமான பெருமையோட பையிலிருந்து குச்சியை எடுத்தார். "மொதல்ல அதைத் தூக்கிப் போட்டுட்டு ஒரு சாஃப்ட் பிரஷ் வாங்குங்க."

வீடு வரைக்கும் வாப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. ஆட்டோவை விட்டு இறங்கினதும் சொன்னார்: "படிச்ச புள்ளதான், மரியாதையாத்தான் பேசுச்சு. ஆனா சுன்னத்தத் தூக்கிப் போடுங்குதே."

டாக்டர் சொன்னதிலும் தப்பில்லை, வாப்பா மனசு நொந்ததிலும் தப்பில்லை. நடுவுல மாட்டினது நான். சரி, இந்தக் குச்சியோட கதையைத்தான் ஒழுங்காப் படிச்சுப் பார்ப்போமேன்னு உட்கார்ந்தேன். அரபிக் கித்தாபுகளுக்கு எங்க தெரு ஆலிம்சா உதவி செஞ்சார், வாசிச்சு வாசிச்சு அர்த்தம் சொன்னார். படிச்சதில் பாதி எனக்கே புதுசு. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

முதல்ல பேர். நாம மிஸ்வாக் என்கிறோம். அரபியில் இன்னொரு சொல்லும் உண்டு, சிவாக். அதன் வேர்ச்சொல்லுக்குத் தேய்க்கிறது என்று பொருள். இதுல ஒரு விசேஷம், சிவாக் என்றால் தேய்க்கிற கருவியும் சிவாக்தான், தேய்க்கிற செயலும் சிவாக்தான். ஆலிம்சா இதைச் சொன்னப்ப நான் பெரிசா எடுத்துக்கலை. போகப் போகத்தான் மொத்த விஷயமும் இந்த ஒரு சொல்லுக்குள்ள இருக்குன்னு புரிஞ்சுது.

குச்சி வர்ற மரத்துக்கு அரபியில் அராக். தாவரவியல் பேர் சால்வடோரா பெர்சிகா. உருதுவிலும் இந்தியிலும் பீலு. உப்புத் தண்ணி, மணல், வெயில், எதுக்கும் அசராத புதர்மரம். அரேபியாவில், சூடானில், பாகிஸ்தானில், ராஜஸ்தானில் எல்லாம் வளரும். இப்ப ஒரு சின்ன அதிர்ச்சி: நம்ம கோடிக்கரைக் காட்டிலும் வளரும்! தமிழில் உகாய். சங்கப் பாடல்களில் பாலைத் திணையில் வருகிற உகாய் மரம் இதுதான்னு தாவரவியல் தெரிஞ்சவங்க சொல்றாங்க. நற்றிணையில் ஒரு பாட்டு இதன் காய் மிளகு மாதிரி உறைக்கும்னு சொல்லுது. இந்த உறைப்பை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வேலை இருக்கு.

வாப்பா வாங்குற மிஸ்வாக் பிளாஸ்டிக் உறையில காத்துப் புகாம அடைச்சு கடல் தாண்டி வருது. வேதாரண்யத்துக்கு பஸ் ஏறினா மரமே இருக்கு. (சரணாலயம் ஐயா, வெட்டப் போயிடாதீங்க, ஃபாரஸ்ட்காரங்க புடிச்சிடுவாங்க :-) )

பல்லுக்குக் குச்சி என்பது இஸ்லாத்தோட ஆரம்பிச்சது இல்லை. ஆலையும் வேலையும் பத்தின பழமொழி நம்ம எல்லாருக்கும் தெரியும். புத்த பிட்சுகளின் விநய நூலில் பல்குச்சி மெல்லுவதால் வரும் ஐந்து நன்மைகள் சொல்லப்பட்டிருக்கு. 671ல் சீனாவிலிருந்து கிளம்பி இந்தியா வந்த யீ ஜிங் என்ற பிட்சு, தன் குறிப்புகளில் பல்குச்சிக்கென்று ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். சுண்டுவிரல் கனம், எட்டு விரல் முதல் பன்னிரண்டு விரல் நீளம் வரை, ஒரு முனையை மென்று தூரிகை மாதிரி ஆக்கணும். ஊர்க்காரங்க இதை வில்லோ மரக் கிளைன்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க, அது தப்புன்னு வேற குறைப்பட்டுக்கிறார். அரேபியாவிலும் நபிகள் நாயகம் (ஸல்) காலத்துக்கு முந்தியே அராக் குச்சி புழக்கத்தில் இருந்ததுதான். நபியவர்கள் செஞ்சது அதைத் தொழுகையோட சேர்த்தது.

என் சமுதாயத்துக்குச் சிரமமாகிவிடும் என்று நான் நினைக்காமல் இருந்திருந்தால் ஒவ்வொரு தொழுகைக்கும் பல் துலக்கக் கட்டளை இட்டிருப்பேன் என்ற பொருளில் அவர்கள் சொன்னதை அபூஹுரைரா (ரலி) அறிவித்து புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. இன்னொரு அறிவிப்பில் ஒவ்வொரு ஒளுவுக்கும் என்று வருது. (ஒளுன்னா தொழுகைக்கு முன்னால முகம் கை கால் கழுவுறது. நம்ம மற்ற பதிவர்களுக்காகச் சொல்றேன்.) ஒரு நாளைக்கு அஞ்சு தொழுகை. ஏழாம் நூற்றாண்டில், தண்ணிக்கே பஞ்சமான ஊரில், ஒரு ஆள் ஒரு நாளைக்கு அஞ்சு தடவை பல் துலக்க விரும்பினால் எப்படி இருந்திருக்கும்! ஆனா கட்டளை ஆக்கலை, கஷ்டப்படுத்திடுவோமோன்னு விட்டுட்டாங்க. அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடிச்சது.

இன்னும் சில அறிவிப்புகள். வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலை பல் துலக்குவது. இரவில் எழுந்தால் முதல் வேலை அதுதான். வாயைச் சுத்தப்படுத்தும், இறைவனைத் திருப்திப்படுத்தும் என்று இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துச் சொன்னது. எல்லாத்துக்கும் மேல அந்தக் கடைசி நாள். 632, மதீனா. நோயில் படுத்திருக்கிற நபியவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களின் நெஞ்சில் சாய்ந்திருக்கிறார்கள். ஆயிஷாவின் சகோதரர் அப்துர் ரஹ்மான் கையில் ஒரு பச்சை மிஸ்வாக்கோட உள்ளே வருகிறார். நபியவர்களின் கண் அந்தக் குச்சி மேலேயே இருக்கு. பேசத் தெம்பில்லை. ஆயிஷாவுக்குப் புரிஞ்சுடுது. வேணுமான்னு கேட்க, தலை அசைகிறது. குச்சி கடினமா இருந்ததால் தன் பல்லால் மென்று மிருதுவாக்கிக் கொடுக்கிறார். அதை வாங்கி நல்லாத் துலக்கினார்கள். அதன் பிறகு கொஞ்ச நேரத்தில் உயிர் பிரிந்தது.

வாப்பா இந்தச் சம்பவத்தை எத்தனையோ பயானில் கேட்டிருப்பார். எனக்குச் சின்ன வயசுல அவரே சொல்லியிருக்கார். இதை மனசுல வச்சிருக்கிற ஒருத்தர்கிட்டப் போய் "அதைத் தூக்கிப் போடுங்க" என்றால் எங்கே போய்க் குத்தும்னு அந்த டாக்டர் தம்பிக்குத் தெரிய நியாயமில்லை.

சரி, மார்க்க அறிஞர்கள் இதை எப்படி எடுத்துக்கிட்டாங்க? இங்கேதான் எனக்கு ஆச்சரியம் ஆரம்பிச்சது. குச்சியைப் பற்றி அவங்க பேசுறதைவிட அது எதுக்குன்னு பேசுறது அதிகம்.

எங்க ஊர்ப் பக்கம் கடலோரத்து மரைக்காயர்கள் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹப், உள்நாட்டு ராவுத்தர்கள் ஹனஃபி. ஹனஃபிகள் மிஸ்வாக்கை ஒளுவோட சேர்த்துச் செய்யணும், தொழுகைக்கு நிக்கும்போது வேண்டாம் என்பார்கள். ஏன்? அப்பத் தேய்ச்சு ஈறில் ரத்தம் வந்து ஓடிட்டா, ஹனஃபி சட்டப்படி ஒளு முறிஞ்சிடும்! ஷாஃபியில் ரத்தத்தால் ஒளு முறியாது, அதனால் தொழுகைக்கு நிக்கும்போதும் துலக்கலாம். பல் ஈறு ஒரு சட்டப் பிரச்சினையா ஆயிரம் வருஷத்துக்கு மேல பேசப்பட்டிருக்கு பாருங்க.

நோன்பு விஷயத்தில் இது தலைகீழ். ஹனஃபி வீடுகளில் நோன்பு நேரத்தில் நாள் பூரா மிஸ்வாக் பண்ணுவாங்க. ஷாஃபியில் சூரியன் உச்சி சாய்ந்த பிறகு நோன்பாளி துலக்குவது மக்ரூஹ், அதாவது விரும்பத்தகாதது. நோன்பாளியின் வாய் வாடை இறைவனிடத்தில் கஸ்தூரியைவிட மணமானதுன்னு ஹதீஸ் இருக்கு, அந்த வாடையை நீக்கக் கூடாதுங்கிறது காரணம். வாப்பா ரமலானில் லுஹர் தாண்டினால் குச்சியைத் தொட மாட்டார். ஆனா ஷாஃபி மத்ஹபின் பெரிய தூண்களில் ஒருவரான நவவி இமாமே (1277ல் இறந்தவர், டமாஸ்கஸ் பக்கம் நவா என்ற ஊர்க்காரர்) தன்னுடைய மஜ்மூவில், மக்ரூஹ் இல்லை என்ற கருத்துதான் ஆதாரத்தில் வலுவானதுன்னு எழுதி அதையே தேர்ந்தெடுத்திருக்கார். இதை வாப்பாகிட்டச் சொன்னப்ப ரெண்டு நிமிஷம் பேசாம இருந்துட்டு, "அது அவங்க ஆராய்ச்சி" அப்படின்னுட்டார். ஹி ஹி.

அதே நவவி இமாம் முஸ்லிம் ஹதீஸ் தொகுப்புக்கு எழுதின விரிவுரைதான் எனக்கு லட்டு மாதிரிக் கிடைச்சது. அதுல ரெண்டு விஷயம்.

ஒண்ணு, எதை வச்சுத் துலக்கினாலும் சிவாக் நிறைவேறும், வாயின் மாற்றத்தை நீக்குகிற சொரசொரப்பான பொருளா இருந்தா போதும் என்கிறார். முரட்டுத் துணியாக் கூட இருக்கலாம். மிருதுவான விரலால் தேய்ச்சாத்தான் கணக்கில் வராது, அது எதையும் நீக்காதே. அராக் சிறந்தது, சந்தேகமே இல்லை. ஆனா அளவுகோல், அழுக்கு போகுதா என்பதுதான். சிவாக் என்ற சொல்லே செயலையும் குறிக்கும்னு மேலே சொன்னேன் இல்லையா, இங்கே வந்து சேருது.

ரெண்டாவது விஷயம் எப்படித் தேய்க்கணுங்கிறது. பல்லுக்குக் குறுக்குவாட்டில் தேய்க்கணும், மேலும் கீழுமாகத் தேய்க்க வேண்டாம் என்கிறார். காரணமும் கூடவே சொல்றார்: ஈறில் ரத்தம் வந்துடக் கூடாது.

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ஏன்னா இன்னிக்குப் பல் டாக்டருங்க சொல்றது நேர் எதிர். குறுக்கே ரம்பம் மாதிரி இழுக்காதீங்க, ஈறு தேஞ்சு விலகிடும், பல் கழுத்துல பள்ளம் விழும், ஈறிலிருந்து பல்லை நோக்கி மெதுவாத் தேய்ங்க என்கிறார்கள். சவூதியில் நடந்த ஆய்வுகளிலேயே மிஸ்வாக் பயன்படுத்துறவங்ககிட்ட ஈறு விலகல் கூடுதலா இருக்குன்னு பார்த்திருக்காங்க. முனை முரடா இருக்கிற குச்சியை அழுத்திக் குறுக்கே இழுக்கிறதுதான் காரணம்னு சொல்றாங்க. எங்க வாப்பா பல் மாதிரியேதான்.

ஆக வழி எதிர் எதிரா இருக்கு, காரணம் மட்டும் அச்சு அசலா ஒண்ணு. ரெண்டு பேருக்கும் கவலை ஈறுதான்.

டமாஸ்கஸ்காரரான இப்னுல் கையிம் (1350ல் இறந்தவர்) இன்னும் ஒரு படி மேலே போறார். மிதமாகத் துலக்கினால் பல் பளிச்சென்று இருக்கும், ஈறு உறுதிப்படும், அளவுக்கு மீறித் தேய்ச்சா பல்லின் மினுமினுப்பே போயிடும் என்று எச்சரிக்கிறார். எனாமல் தேய்மானம்னு நாம சொல்றதைத்தான் அவர் கண்ணால பார்த்திருக்கார் போல. பன்னீரில் நனைச்ச குச்சி நல்லது, பேர் தெரியாத மரத்திலிருந்து குச்சி ஒடிக்காதே, விஷமா இருக்கலாம் என்று நடைமுறைப் புத்தியும் சொல்லியிருக்கார். இந்த ஆளை எனக்குப் பிடிச்சுப் போச்சு.

பிரஷ் பக்கத்துக் கதையையும் ஒரு வார்த்தை சொல்லணும். நம்ம பெரியவங்க பிரஷ்ஷை ஏன் சந்தேகமாப் பார்த்தாங்கன்னு பலருக்கு இன்னிக்குப் புரியறதில்லை, பழமைவாதம்னு சிரிச்சிடுறாங்க. 1780 வாக்கில் இங்கிலாந்தில் வில்லியம் ஆடிஸ் பிரஷ் பண்ணி விற்க ஆரம்பிச்சார். எலும்புக் கைப்பிடி, அதில் விலங்கு முடி. அதுக்கப்புறம் ஒண்ணரை நூற்றாண்டு உலகம் பூரா பல்பிரஷ் என்றால் பெரும்பாலும் பன்றி முடிதான், சீனாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வரும். ஒரு முஸ்லிம் அதை வாயில் வைப்பானா? சைவக்காரங்க மட்டும் வைப்பாங்களா? 1938ல் டூபாண்ட் கம்பெனியின் நைலான் வந்த பிறகுதான் இந்தச் சிக்கல் தீர்ந்தது. அந்தச் சந்தேகத்துக்கு ஒரு காலத்தில் முழு நியாயம் இருந்தது. காரணம் போன பிறகும் சந்தேகம் கொஞ்ச நாள் தங்கிடுச்சு, அவ்வளவுதான்.

இனி அறிவியல். உறைப்பை ஞாபகம் வச்சுக்கச் சொன்னேனே, அது இங்கே வருது. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் 2008ல் ஒரு வேலை செஞ்சாங்க. கிருமி வளர்க்கிற தட்டில் மிஸ்வாக் துண்டைப் பதிச்சு வச்சுப் பார்த்தாங்க. இன்னொரு தட்டில் கிருமி மேல படாமல் உயரத்தில் தொங்க விட்டுப் பார்த்தாங்க. தொங்க விட்ட துண்டும் கிருமியைக் கொன்னது! அப்படின்னா அதிலிருந்து ஏதோ ஆவியா வருது. 2011ல் அது என்னன்னு வெளியிட்டாங்க: பென்சைல் ஐசோதயோசயனேட். கடுகு மூக்கில் ஏறுதே, அந்தக் காரமும் இதே குடும்பம்தான். தாவரவியலில் உகாயும் கடுகும் ஒரே வரிசை, ஆங்கிலத்தில் இதுக்குக் கடுகு மரம்னே ஒரு பேர் உண்டு. நற்றிணைப் புலவர் நாக்கில் உணர்ந்த உறைப்பை ஸ்டாக்ஹோமில் கருவி வச்சுப் புடிச்சிருக்காங்க.

ஆனா நம்மாளுங்க ஃபார்வர்ட் அனுப்புற மாதிரி இத்தோட "பார்த்தியா, அறிவியல் நிரூபிச்சிடுச்சு" என்று கை தட்டிட்டுப் போக முடியாது. அதே 2008 ஆய்வில் ஈறு நோயை உண்டாக்குற கிருமிகள் மேலதான் குச்சிக்கு நல்ல வேகம். பல் சொத்தையோட சம்பந்தப்பட்ட ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் மேல வேகம் கம்மி. சொத்தையைத் தடுக்கிறதுல ஃப்ளூரைடு பேஸ்ட்டுக்கு இருக்கிற அளவு சான்று மிஸ்வாக்குக்கு இல்லை. குச்சியில் ஃப்ளூரைடு ரொம்பக் கொஞ்சம். பல்லின் உள்பக்கமும் கடைவாயும் நேர்க்குச்சிக்கு எட்டவும் செய்யாது, எவ்வளவு வளைச்சாலும்.

மறுபக்கம், 2003ல் வெளியான ஒரு சவூதி ஆய்வில் பதினைந்து பேருக்குச் சரியாத் துலக்கக் கத்துக் கொடுத்துட்டு ஒப்பிட்டப்ப, பிரஷ்ஷைவிட மிஸ்வாக் கறையைக் குறைச்சிருந்தது. பதினைந்தே பேர், ஆனா கத்துக் கொடுத்த பிறகு என்பதைக் கவனிங்க. உலக சுகாதார நிறுவனமும் 1980களில், புழக்கம் உள்ள ஊர்களில் பல்குச்சியை ஊக்குவிக்கலாம்னு சொன்னது. 2000ல் வந்த ஒரு நிபுணர் அறிக்கை, மிஸ்வாக்கின் பலனை உறுதியாச் சொல்ல இன்னும் ஆய்வு வேணும்னு எழுதியது. இதற்கு நடுவில் கம்பெனிகள் சும்மா இருக்குமா? பல்சாரா கம்பெனி மிஸ்வாக் என்றே பேர் வச்சு பேஸ்ட் விற்றது, 2005ல் டாபர் அதை வாங்கிட்டாங்க. பேஸ்ட்டில் குச்சிச் சாறு இருக்கலாம், குச்சி இல்லை. :-)

இவ்வளவையும் சேர்த்துக்கிட்டு ஒரு நாள் அஸருக்குப் பிறகு வாப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். டாக்டரைப் பற்றி நான் பேசவே இல்லை. நவவி இமாம் குறுக்கே தேய்க்கச் சொன்ன இடத்தை எடுத்து, ஏன் அப்படிச் சொன்னாங்க வாப்பான்னு கேட்டேன்.

"ஈறுல ரத்தம் வரக் கூடாதுன்னு."

"உங்களுக்கு வருதுல்ல?"

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. "எப்பயாச்சும் வரும்" என்றார். உம்மா உள்ளேயிருந்து, "எப்பயாச்சுமா? தலவாணி ஒறையப் பாத்தா தெரியும்" என்றார்.

"அப்ப இமாம் எதுக்காகச் சொன்னாங்களோ அது நடக்கலையே வாப்பா. அந்த டாக்டரும் ரத்தம் வரக் கூடாதுன்னுதானே சொல்றாரு?"

"அவன் குச்சியத் தூக்கிப் போடுன்னுல்ல சொன்னான்."

"தூக்கிப் போட வேணாம்."

அடுத்த வாரம் அதே டாக்டரிடம் நான் மட்டும் போய் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் பாவம், அப்படி நோகும்னு நினைக்கவே இல்லைன்னு வருத்தப்பட்டார். குச்சியை வச்சுக்கட்டும், ஆனா தண்ணியில் நல்லா ஊறப் போட்டு, முனையை மென்று பஞ்சு மாதிரி ஆக்கி, அழுத்தாமல், ஈறிலிருந்து பல் நுனி நோக்கித் தேய்க்கட்டும், தினம் பழைய முனையை வெட்டிடட்டும், காலையிலும் ராத்திரியும் ஒரு தடவை சாஃப்ட் பிரஷ்ஷும் ஃப்ளூரைடு பேஸ்ட்டும் சேர்த்துக்கட்டும் என்றார். ஈறு போனது போனதுதான், திரும்ப வளராது, மேலும் போகாமல் பார்த்துக்கலாம்னும் சொன்னார். அதை வாப்பாகிட்ட நான் இன்னும் சொல்லலை.

இப்ப எங்க வீட்டு வாஷ்பேசின் மேல ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கு. அதுல தண்ணி, தண்ணிக்குள்ள மிஸ்வாக், பக்கத்துல நீலக் கலர் பிரஷ். ராத்திரி சாப்பிட்டதும் பிரஷ் நனையுது, நான் தொட்டுப் பார்த்துட்டேன். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுறதில்லை. நேற்று சுபுஹுக்குப் போக செருப்பு மாட்டும்போது மட்டும் வாப்பா கேட்டார்: "அந்தப் பன்னீர் விஷயம் சொன்னியே, அது எந்தக் கித்தாபு?"